டெப்பட் சத்தம்: வீட்டில் கழற்றுவதா, லேத்துக்குக் கொடுப்பதா?

வன்னியில் ஓடுகிற பழைய கார்களில், பொனற்றைத் திறந்ததும் தையல் மெசின் போன்ற டெப்பட் சத்தம் வராதவை குறைவு. வால்வை அமுக்கித் திறக்கும் ரொக்கர் தேய்ந்திருக்கும், அதைத் தாங்கும் அச்சு தேய்ந்திருக்கும், அல்லது இரண்டும் நன்றாக இருக்க யாரோ ஒருவர் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைத் தாறுமாறாக வைத்துவிட்டுப் போயிருப்பார். இப்படியான காரை விற்றுவிட்டு வேறொன்று பார்க்கலாம் என்று முன்பு சொல்ல முடிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் திரும்பி வந்து பழைய காரின் பொனற்றைத்தான் திறக்கிறார்கள்.

ஆகவே திருத்தத்தான் வேண்டும். எவ்வளவு தூரம் திருத்துவது, எதை முற்றத்தில் செய்வது, எதற்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவது என்று தெரியாமல் இறங்குவதால்தான் காசும் நாளும் வீணாகின்றன. என் கணக்கு இது: ரொக்கர் மூடிக்குக் கீழே, ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மூடி வால்வுகளைத் தாங்கும் பகுதிக்கு) மேலே இருப்பதெல்லாம் வீட்டு வேலை. ஹெட்டைத் தூக்கிய பிறகு வருவது லேத் வேலை, அதாவது கடைசல் பட்டறை வேலை. வீட்டில் செய்யக்கூடியதைக் கராஜுக்குக் கொடுத்தால் காசு மட்டும் போகும். லேத்தில் செய்ய வேண்டியதை வீட்டில் செய்தால் ஹெட்டே போய்விடும்.

கீழே பெரும்பாலும் மொறிஸ் மைனரை வைத்தே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அது இன்னும் ஓடுகிறது, வீட்டில் வேலை பழகுவதற்கு அதைவிடப் பொறுமையான எஞ்சின் கிடைக்காது. ஜப்பான், இந்தியக் கார்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஒரு சாமானும் வாங்குவதற்கு முன் சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாப்ட், பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதனால் வால்வுப் பக்கத்துச் சத்தமும் எஞ்சின் சுற்றில் பாதி வேகத்தில், மேலிருந்து, மெல்லிய 'டிக் டிக்' என்று வரும். அடியிலிருந்து கனமாக, ஏற்றத்தில் இழுக்கும்போது கூடிவரும் அடி வேறு. அது பெரிய பேரிங்கின் சத்தம், இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ரொக்கர் மூடியில் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டால் எந்தச் சிலிண்டர் என்பது வரை தெரிந்துவிடும். எக்சோஸ்ட் மெனிபோல்ட் கஸ்கட் ஒழுகினாலும் இதே 'டிக்' கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் பலமாகவும், சூடேறி இரும்பு விரிந்ததும் குறைந்தும் கேட்டால் முதலில் அந்தக் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். அளக்கும் மீற்றர் ஒன்றை அயலிலுள்ள கராஜில் இரவல் வாங்கலாம். ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் பிளக் துளையால் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் அளவுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு ஒழுகுகிறது, அல்லது ஹெட் கஸ்கட் போயிருக்கிறது. இந்த ஒரு சோதனையே உங்களை வீட்டுக்கும் லேத்துக்கும் இடையில் பாதித் தூரம் கொண்டுபோய்விடும். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழச் சமமாக, நல்ல அளவில் நின்று, சத்தம் மட்டும் இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இடைவெளி வைப்பதா, ரொக்கர் மாற்றுவதா

மலிவான வழி, இடைவெளியைச் சரிசெய்வது. பீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு ஸ்பனர், ஒரு ஸ்குரூ டிரைவர், மூடிக்குப் புதிய கஸ்கட். மைனருக்குக் குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது என்ற எண் போதும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவது, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது, இப்படிக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கார்களின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு ஒப்பேற்றியவர்களின் கைவண்ணம் ஒவ்வொரு பழைய மைனரிலும் மூலை மழுங்கிய நட்டாக இருக்கிறது. அரை அங்குலமும் பதினாறில் ஒன்பது (9/16) அங்குலமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பிறகும் சத்தம் போகவில்லை என்றால் மறுபடியும் மறுபடியும் இறுக்குவதில் பயனில்லை. பலர் இங்கேதான் எஞ்சினைக் கெடுக்கிறார்கள். ரொக்கரின் நுனி வால்வுத் தண்டின் தலையில் உரசி உரசிச் சிறு குழி விழுந்திருக்கும். பீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காது. அதன் விளிம்புகளைத் தொட்டபடி நின்று 0.30 என்று சொல்லும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம், அதனால் சத்தம் நிற்காது. சத்தம் அடங்கும்வரை காதை நம்பி இறுக்கினால், சூடேறியதும் ஏதோ ஒரு வால்வு தன் சீட்டில் (அது அமர்ந்து மூடும் வளையத்தில்) முழுதாக அமராமல் எரியத் தொடங்கும். சத்தம் போடுகிற வால்வு சில வருடம் ஓடும். இறுகிப் பேசாமல் இருக்கிற வால்வு ஒரு நீண்ட பயணத்தையும் தாங்காமல் போகலாம்.

குழியோடு சேர்ந்து வருவது அச்சின் தேய்மானம். ரொக்கரின் ஒரு முனையை வால்வு ஸ்பிரிங்கும் மறுமுனையை, கேமின் அசைவை மேலே கொண்டுவரும் புஷ் ரொட் கம்பியும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஆகவே ரொக்கர் அச்சின் அடிப்பக்கத்தில்தான் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடக்கினால் அச்சு முடிந்தது. அதில் புதிய ரொக்கரைப் போடுவதும் காசைத் தண்ணீரில் போடுவதும் ஒன்றுதான். அச்சையும் ரொக்கர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இது ஒரு பகல் வேலை. ஆனால் மைனரில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைத் தெரியாதவர்கள் கராஜுகளிலும் உண்டு. ரொக்கர் அச்சைத் தாங்கும் கால்களை எட்டு நட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிறவை. அந்த நான்கையும் மட்டும் அவிழ்த்தால் ஹெட்டின் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி நிற்கும். ஹெட் கோணலாம், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும், அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள்ளும் இறங்கலாம். ஆகவே முதலில் ரேடியேற்றர் தண்ணீரை வடித்து, ஹெட்டின் மற்ற நட்டுகளையும் உரிய வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே அச்சைத் தூக்க வேண்டும். திருப்பி இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே, மூன்று நான்கு சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால். டோர்க் ரென்ச் இல்லாதவர் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 'கை அறியும்' என்பார்கள். நாற்பது வருடம் செய்தவரின் கை அறியலாம்.

அச்சு உள்ளே குழாய். ஒயில் அதற்குள்ளால் ஒவ்வொரு ரொக்கருக்கும் போகிறது. பழைய அச்சின் முனை அடைப்பைத் திறந்தால் உள்ளே கறுப்புக் களி கட்டியிருப்பதைக் காணலாம். பின்பக்க ரொக்கர்கள் முதலில் தேய்வதற்கு அந்தக் களியும் ஒரு காரணம். புதிய அச்சைப் போடுகிறவர் ஒயில் ஏறும் காலின் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். எல்லாம் பூட்டியபின் மூடியைப் போடாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எட்டு ரொக்கரிலும் ஒயில் கசிய வேண்டும். புஷ் ரொட்டுகளைக் கழற்றும்போது ஒரு மட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி மேசையில் உருட்டினால் போதும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் கிரவல் வீதியோரத்து முற்றத்தில் எஞ்சினைத் திறந்து வைக்காதீர்கள். செம்புழுதி ஒரு மணித்தியாலத்தில் செய்யும் சேதத்தை மோசமான ஒயில் ஒரு வருடத்தில் செய்யாது. மாட்டுக் கொட்டிலோ நெல்லுக் களஞ்சியமோ, மூன்று பக்கம் மறைப்புள்ள இடம் ஒன்று வேண்டும். திறந்த ஒவ்வொரு துளையிலும் சுத்தமான துணி இருக்க வேண்டும். பூட்டும்போது துணிகளை எண்ணி எடுப்பதும் அவசியம்.

ஹெட்டைத் தூக்கும் நிலை

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்டின், மொறிஸ் எஞ்சின்கள் முனகிக்கொண்டு ஓடின. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத பகுதி ரிங் வழியாக இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், வால்வுகளில் கரியைப் படியச் செய்யும். நீர்த்த ஒயிலில் முதலில் பட்டினி கிடப்பவை கேமும் ரொக்கரும்தான். அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சின் உங்களிடம் இருந்தால், மேலே இருப்பதை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. அதே ஆண்டில்தான் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. சுவாசிக்கும் நெஞ்சுக்கு அது நல்லது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு அது வேறு கதை. ஈயம் எக்சோஸ்ட் வால்வின் சீட்டில் மெல்லிய படையாக நின்று உலோகத்தைக் காத்தது. அது போனபின், நீண்ட நேரம் வேகமாக ஓடும் எஞ்சினில் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். வால்வு மேலேறி இடைவெளி சுருங்கும். கவனியுங்கள், இங்கே தேய்மானம் சத்தத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எக்சோஸ்ட் வால்வுகளின் இடைவெளி குறைந்திருந்தால், ரொக்கர் மாற்றுவது மருந்தல்ல. ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய சீட் வளையம் வைக்க வேண்டும். அதற்கு லேத் வேண்டும்.

வால்வு பேஸ்ட் பூசிக் குச்சியால் உருட்டித் தேய்ப்பதை வீட்டில் செய்யலாம். எனக்கும் பிடித்த வேலை. சாம்பல் நிறத்தில் சீரான வளையம் விழுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் அது ஓரளவு நல்ல சீட்டை மெருகூட்ட மட்டும்தான். எரிந்த விளிம்பையோ ஆழமான குழியையோ பேஸ்ட்டால் மாற்ற முயன்றால் சீட் அகன்று, வால்வின் சூடு இறங்க வழியில்லாமல் போகும். வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடும் அப்படியே. வால்வைச் சிறிது தூக்கி அசைத்துப் பாருங்கள். தாராளமாக ஆடினால் புதிய வால்வைப் போட்டாலும் அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்தான் அமரும்.

எந்த லேத்? கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறத்தாழ 75 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் அதைவிடச் சற்றுக் கிட்ட. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புக்காரருக்கு முதலில் பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ வர வேண்டும், அங்கிருந்து வடக்கா தெற்கா என்பது அவர்கள் விருப்பம். நான் கிட்டத்தைப் பார்க்க மாட்டேன். வால்வு சீட் வெட்டும் மெசின் வைத்திருக்கிறாரா, வெட்டிய பிறகு ஒவ்வொரு வால்விலும் பெற்றோல் ஊற்றி ஒழுக்குப் பார்த்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்கிறவரிடமிருந்து ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஹெட்டை மட்டும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகலாம். கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் முற்றத்தில், வெட்டுவது மட்டும் லேத்தில் என்றால் கராஜ் கூலியில் பெரும்பகுதி மிச்சம். எனக்கு இந்த இரண்டுங்கெட்டான் வழிதான் எல்லாவற்றிலும் நல்லதாகப் படுகிறது.

கழற்றாமலே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வுத் தண்டு வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் காய்ந்திருக்கலாம். அதை மாற்ற ஹெட்டைத் தூக்க வேண்டியதில்லை. பிஸ்டன் கீழே இருக்கும்போது, கொம்பிரஷன் சுற்றில், பிளக் துளையால் சுத்தமான நைலோன் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே விட்டு, முனையை வெளியே வைத்து, எஞ்சினைக் கையால் மேலே சுற்றினால் கயிறு வால்வுகளைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிச் சீலை மாற்றலாம். முல்லைத்தீவுக் கடற்கரையில் இந்தக் கயிற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மணல் பட்ட பழைய கயிறு வேண்டாம். வால்வைப் பிடிக்கும் சின்ன லொக்குகள் துள்ளிப் போகக்கூடியவை. புஷ் ரொட் துளைகளையும் ஒயில் வடியும் துளைகளையும் அடைக்காமல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

கேம் ஷாப்ட் தேய்ந்திருந்தால் என்ன செய்வது? கேமின் மூக்கு மழுங்கியிருந்தால் அந்த வால்வு குறைவாகத் திறக்கும். ரொக்கரின் ஏற்றத்தை ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கேமுக்கும் அதன் மேல் நிற்கும் டெப்பட்டுக்கும் ஒன்றாக வாழ்ந்த பழக்கம். பழைய டெப்பட்டைப் புதிய கேமில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு முன்பக்கத் தகடு, செயின் எல்லாம் கழற்ற வேண்டும். முதல் முறை செய்கிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜப்பான், இந்தியக் கார்கள்

மாருதி 800இல் கேம் ஹெட்டுக்கு மேலே இருக்கிறது, ரொக்கரில் ஸ்குரூ இருக்கிறது. இடைவெளி வைப்பது மைனரைவிடச் சுலபம். ஆனால் அச்சை நீளவாட்டில் உருவி எடுக்க வேண்டும், டைமிங் பெல்ட் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த பெல்ட்டின் அடையாளங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் தொடாதீர்கள். கொரொல்லாவின் 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் ரொக்கரே இல்லை. கேம் நேராக, வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் வாளி போன்ற மூடியை அமுக்கும், நடுவில் இடைவெளியைத் தீர்மானிக்கும் சிம் தகடு. ஸ்குரூ இல்லாததால் மைக்ரோமீற்றரால் அளந்து, கணக்குப் பார்த்து, உரிய தடிப்புள்ள தகட்டைத் தேடி வாங்க வேண்டும். கேமைத் தூக்குகிறவர் இரட்டைப் பல்சக்கரத்தைப் பூட்டி வைக்கும் சின்ன போல்ட்டைப் போட மறந்தால் அதன் ஸ்பிரிங் அவிழ்ந்துகொள்ளும். நல்ல செய்தி என்னவென்றால் இவற்றில் இடைவெளி மிக மெதுவாகவே மாறும். ஒழுங்காக ஒயில் மாற்றிய கொரொல்லாவில் சத்தம் கேட்டால், முக்கால்வாசி அது இன்ஜெக்டரின் சத்தமாகவே இருக்கும். ஒயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்யும் லிப்டர் உள்ள கார்களில் காலையில் சில நொடி சத்தம் வந்து போவது இயல்பு. நீடித்தால் முதலில் ஒயிலையும் பில்டரையும் மாற்றிப் பாருங்கள்.

சாமான் எங்கே, வேறு எஞ்சின் போடலாமா

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் உடைத்த காரிலிருந்து எடுத்த ரொக்கர் அச்சை வாங்குவதில் அர்த்தமில்லை, அதுவும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கும். உடைத்ததில் வாங்கத்தக்கவை ரொக்கர் மூடி, அச்சின் கால்கள், நேரான புஷ் ரொட்டுகள். மைனருக்குப் புதிய அச்சும் ரொக்கரும் இன்னும் தயாரிக்கப்படுகின்றன. மலிவான அச்சு கடினப்படுத்தப்பட்டதா என்று பார்க்க, பாவனைக்கு வராத ஓரத்தில் ஒரு சின்ன அரத்தை ஓட்டுங்கள். அரம் வழுக்கினால் நல்லது, கடித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பழைய ரொக்கர்களில் காய்ச்சி அடித்த வகைக்கு, அச்சு ஓடும் துளையில் புதிய புஷ் (உள்வளையம்) வைத்துக் கடையலாம். தகடு மடித்த வகைக்கு அது முடியாது, முழுதாக மாற்ற வேண்டும்.

ஜப்பானில் ஓடிய எஞ்சினை வாங்கி முழுதாக மாற்றுவது, கொம்பிரஷன் எல்லாச் சிலிண்டரிலும் விழுந்து ஒயிலும் குடிக்கிற ஜப்பான் காருக்குச் சரி. வெறும் டெப்பட் சத்தத்துக்கு அது அளவுக்கு மிஞ்சிய வைத்தியம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும் நாளில் வாங்குகிறவர் அதைக் கண்டுபிடித்து விலையை அடிப்பார்.

பூட்டியாயிற்று என்றால் 20டபிள்யூ-50 ஒயிலும் புதிய பில்டரும் போட்டு ஓடவிடுங்கள். கேமும் டெப்பட்டும் புதியவை என்றால், ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக ஓட விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் முறிகண்டிவரை போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புங்கள், அவ்வளவு தூரம் போதும். இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளை உரிய வரிசையில் மறுபடியும் பாருங்கள், பிறகு எட்டு வால்வுகளையும் மறுபடியும் அளவுங்கள். நட்டு சிறிது இறங்கினாலும் இடைவெளி மாறியிருக்கும். 500 கிலோமீற்றரில் ஒயிலை வடித்து, வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றி இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.